பச்சையப்பன் கட்டிய நூல்கள்

சேவூர் பச்சையப்பன் இறந்த செய்தியை ஆரணி பஸ் நிலையத்தில் அவருடைய மைத்துனர் சொன்னார். மாரடைப்பாம். அடக்கமே முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, எரிச்சல். ஐம்பது வயதுகூட ஆகாத மனிதர். அவரிடம் கேட்க வேண்டியதெல்லாம் அப்படியே கிடக்கிறது.

அவரைத் தெரிந்தவர்களுக்கு அந்தக் காட்சி நினைவிருக்கும். காலையெல்லாம் தறி, பிற்பகலில் தன் முப்பது சென்ட் அவரைக்காய்த் தோட்டத்தில் ஏதாவது ஒரு செடிமுன் குந்தியிருப்பார். தறியில் மீந்த பட்டு நூலைக் கொண்டுவந்து சில செடிகளில் கட்டுவார். சிவப்பு, மஞ்சள், நீலம். எதற்கென்று கேட்டால், "சும்மா பாத்துகினே இருங்க சார், தெரியும்" என்பார். எனக்கு ஏது பொறுமை? விவசாய இலாகா வேலை, ஒரு நாளைக்கு நாலு ஊர்.

எட்டு வருஷத்துக்கு முன்னால், எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள், அவர் நெய்த புடவையைக் கொடுக்க ஆரணிக்குப் போயிருந்தபோது, நாலைந்து விவசாயிகளுடன் அவர் தோட்டத்துக்குப் போனேன். சிவப்பு நூல் கட்டிய செடிகளில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அப்பியிருந்தது. கூடவே கறுப்பாக, முள்முள்ளாக ஏதோ புழுக்கள். நோய்ச் செடிகளைக் குறித்து வைத்திருக்கிறார் என்று நானே முடிவுகட்டி, செய்துகாட்டுகிறேன் பேர்வழி என்று அவற்றுக்கு மருந்து அடித்தேன். உதவி செய்துவிட்ட பெருமை வேறு.

மாலையில் திரும்பியவர், செத்துக் கிடந்த புழுக்களை உள்ளங்கையில் அள்ளிக் காட்டினார்.

"இதுங்கல்லாம் பொறிவண்டுக் குஞ்சுங்க சார். அசுவினியத் தின்னுகினு இருந்துச்சுங்க. யாரும் கை வெக்கக் கூடாதுன்னுதான் செவப்பு கட்டினேன்."

"சிவப்புன்னா ஆபத்துதானே?" என்றேன், வெட்கமில்லாமல்.

"அது உங்க ஆபீசுலங்க. எங்க தறியில செவப்பு முகூர்த்தப் பொடவைக்கு."

இரண்டே வாரத்தில் தோட்டம் முழுக்க அசுவினி. அந்த முறை அவரைக்காய் கைக்கு வரவில்லை. என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும், அதையும் செய்யவில்லை. பிறகு ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து, தெரிந்ததை எழுதி வைக்கச் சொன்னேன். "எழுதிட்டா நீங்க நோட்டப் பாப்பீங்க, செடியப் பாக்க மாட்டீங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பிடிவாதக்காரர். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

நேற்று சேவூருக்குப் போனேன். தோட்டத்தில் அவர் கடைசியாகக் கட்டிய நூல்கள் அப்படியே இருந்தன. அவருடைய மனைவி கேட்டார்: "மஞ்சளும் நீலமும் எதுக்குன்னு உங்களுக்காவது சொன்னாரா சார்? பூச்சி ஏறிகினு வருது. மருந்து அடிக்கலாமா, வேணாமா?"

பதில் சொல்வதற்குத்தான் இத்தனை வருஷம் சம்பளம் வாங்குகிறேன். நீலம் கட்டிய செடியின் முன்னால் நானும் குந்திப் பார்த்தேன். இலையும் பூவும்தான் தெரிந்தன. இதைப் படிக்கிற உங்களில் யாரிடமாவது அவர் சொல்லியிருந்தால், தயவுசெய்து அந்த அம்மாவிடம் போய்ச் சொல்லுங்கள்.

"சிவப்பை மட்டும் தொடாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். பத்து வருஷப் பழக்கத்தில் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு நிறம்தான். அதையும் அவருடைய தோட்டத்தை அழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.