ஃபயர் வாங்கிய நாள்

"இன்னைக்குச் சின்ன துரைகிட்ட நல்லா ஃபயர் வாங்கிட்டேன்லா" என்றபடி என் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தார். எங்கள் மலையில் ஃபயர் என்றால் ஏச்சு. தொழிற்சாலையில் தேயிலையைச் சூட்டில் காயவைப்பதற்கும் அதே பேர்தான். அவர் பார்த்த வேலையே அது. சீக்கிரம் முடிக்க வேண்டுமென்று சூட்டைக் கூட்டச் சொன்னவன் உதவி மேனேஜரான அந்தச் சின்ன துரை. இலை கருகியதும் பெரிய துரை முன்னால் இவரைக் கைகாட்டி, "யூ ஆர் ஃபயர்ட்" என்றிருக்கிறான்.

மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனவரைக் கேட்டிலேயே மறித்துவிட்டார்கள். அந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தம் இருப்பதைக் காவலாளி விளக்கினானாம். கூட நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். தோட்டம் தந்த லயத்து வீட்டையும் விட்டு பிரிஞ்சாங் டவுனுக்கு வந்தோம்.

மகளிடம் போனில் அந்த வார்த்தையைத் தேடச் சொன்னேன். நெருப்புக்கான ரொம்பப் பழைய சொல், கிரேக்கத்திலும் அதற்குச் சொந்தம் உண்டு என்று படித்தாள். துப்பாக்கி வந்தபின் சுடுவதற்கும் அதுவே பேரானது. குண்டை வெளியேற்றுவதற்கும் ஆளை வெளியேற்றுவதற்கும் ஆங்கிலத்தில் டிஸ்சார்ஜ் என்று ஒரு பொதுச்சொல் உண்டாம். அதை வைத்து யாரோ விளையாட்டாகச் சொன்னதில் இந்த அர்த்தம் ஒட்டிக்கொண்டிருக்கலாமாம்.

விளையாட்டு! அந்தச் சின்ன துரை மட்டும் கையில் கிடைத்தால் என்று பல்லைக் கடித்தேன்.

கிடைத்தான். நான் டீ கலக்கும் பாய் கடைக்கு, எஸ்டேட் தேயிலை விற்க வந்தான். அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

"அக்கா, இதப் போட்டுப் பாருங்க" என்றார் பாய்.

பக்குவமாகத்தான் போட்டேன். பாய் குடித்துவிட்டுத் தலையாட்டினார்.

"டீ நல்லாருக்கு பாய்" என்றேன். "ஆனா கருகிப்போனா இவரு யார் மேல பழி போடுவாருன்னு கேட்டுக்குங்க. என் வீட்டுக்காரர் மேல போட்டாரு."

அவன் முகம் மாறியது. "அது பழைய கதை..."

"அப்ப நடந்தது உண்மைதான்" என்று பாய் தேயிலைப் பொட்டலத்தை அவன் பக்கமே திருப்பித் தள்ளினார்.

அவன் படி இறங்கிப் போகும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். பாவம் என்று ஒரு துளிகூடத் தோன்றவில்லை.

இப்போது வேலை பார்க்கும் திரிங்காப்பிலிருந்து காய்கறி லாரியில் திரும்பிய வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். "உன்னத் தெரிஞ்சுச்சா அவனுக்கு?" என்றார்.

"கடைசில தெரிஞ்சுச்சு."

"என் பேரச் சொன்னியா?"

"சொல்லல."

"சொல்லியிருக்கணும்" என்றார். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.