முகம் ஒரு பக்கம், கை ஒரு பக்கம்

எனக்கு யாரையும் சட்டென்று நம்பிவிடும் பழக்கம் கிடையாது. ஆண்கள் நிறைந்த வகுப்பில் மருத்துவம் படித்த பெண்ணுக்கு அந்தக் குணம் வராமலிருந்தால்தான் அதிசயம். அறுபதுகளின் தொடக்கத்தில், பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. நரம்பு வார்டில் எங்கள் பேராசிரியர் ஓயாமல் சொன்னது ஒன்றுதான்: மூளையில் கோளாறு எங்கே என்று முதலில் சொல், என்ன கோளாறு என்பதைப் பிறகு பார்க்கலாம். அதற்கு எங்களிடம் இருந்தவை ஒரு சின்னச் சுத்தியல், ஒரு டார்ச், பாதத்தைக் கீறிப் பார்க்க ஒரு சாவி.

ஒக்கலிபுரத்திலிருந்து ஒரு மில் தொழிலாளி வந்து சேர்ந்தார். முகத்தின் வலது பாதி தொங்கிக் கிடந்தது. இடது கையும் காலும் சில வாரங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து வருவதாகச் சொன்னார். ஆள் நடிக்கிறார் என்று சொல்வதற்காகவே மில் கம்பவுண்டர் கூடவே வந்திருந்தார். அவர் பக்கவாதம் நிறையப் பார்த்தவராம். முகம் விழுந்த பக்கம்தான் கையும் விழுமாம்.

"வேஷம் போட்டவன் எந்தப் பக்கம்னு மறந்துட்டான், மேடம்" என்றார். நாங்களும் அப்படியே சொல்லிவிட்டால் மில்லில் அவர் சீட்டைக் கிழித்து வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்றும் சொன்னார்.

கம்பவுண்டருக்கு இதில் ஏன் இத்தனை அக்கறை என்று எனக்குச் சந்தேகம். நோயாளி மேலும் சந்தேகம்தான். வராந்தாவில் உட்கார்ந்திருந்த மனைவியையும் விடவில்லை. அவள் அழாமல் முறைத்துக்கொண்டே இருந்தாள். கேட்டால், வீட்டு வேலை சொன்னால் மட்டும் அவருக்குக் கை வராது என்று அலுத்துக்கொண்டாள்.

மறைப்புத் துணிக்குப் பின்னால் நின்று அவரை வேவு பார்த்தேன். யாருமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவர், டம்ளரை எடுக்கும்முன் இடது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். பொருள் இரண்டாகத் தெரிகிறவர்கள்தான் அப்படிச் செய்வார்கள். தனியாக இருக்கும்போது யாருக்காக நடிப்பது?

பிறகு முறையாகச் சோதித்தேன். வலது கண் மூடவில்லை. வலப்பக்கம் பார்க்கச் சொன்னால் அந்த விழி பாதியில் நின்றுவிட்டது. இடது பாதத்தைச் சாவியால் கீறினேன். கீழே மடங்க வேண்டிய கட்டைவிரல் மெல்ல மேலே எழுந்தது. எந்த நடிகனாலும் அதைச் செய்ய முடியாது.

எங்கே என்று பேராசிரியர் கேட்டார். மூளைத்தண்டில், வலது பக்கம் என்றேன். முகத்துக்குப் போகும் நரம்பு அங்கிருந்து அதே பக்கம் வெளியேறிவிடும். கை காலுக்கான இழைகளோ இன்னும் கீழே போய்த்தான் பக்கம் மாறும். அதனால் ஒரே இடத்தில் அடி விழுந்தால் முகம் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். கம்பவுண்டர் பொய் என்று காட்டியதுதான் நோய்க்குச் சாட்சி. பேராசிரியர் தலையாட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்புறம்தான் என்ன கோளாறு என்று கேட்டார். வாரக்கணக்கில் மெல்ல மெல்ல ஏறியிருப்பதால் கட்டி என்று சொல்லும்போதே என் குரல் இறங்கிவிட்டது. அந்த இடத்தில் கத்தி வைக்க அன்று யாரும் துணிய மாட்டார்கள்.

வராந்தாவுக்குப் போய், அவர் நடிக்கவில்லை, மில்லுக்கும் அப்படியே சொல்லிவிடுவோம் என்றேன். சரியாகிவிடுமா என்று மனைவி கேட்டாள். நான் சுத்தியலைக் கோட்டுப் பைக்குள் வைத்தேன். அவள் என் முகத்திலேயே பதிலைப் படித்துவிட்டாள்.

"நடிக்கிறாருன்னே சொல்லிடுங்க, டாக்டரம்மா" என்றாள். "வேலை போனாப் போவுது."