கடனாளிக்கு ரேடார் அறையில் இடமுண்டா?

அமெரிக்காவின் நார்ஃபோக் துறைமுகத்துக்கு வரும் போர்க்கப்பல்களில் ரேடார் பழுதுபார்ப்பது வெர்னா டல்லியின் வேலை. இருபத்தாறு வருட அனுபவம். கப்பல் கோபுரத்தின் உச்சிக்கு ஏறவோ உயர் மின்னழுத்தப் பெட்டியைத் திறக்கவோ அஞ்சாதவள், தபால்பெட்டியைக் கண்டால் மட்டும் நடுங்கினாள்.

கணவன் கிளைடுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தபோது காப்பீடு பாதியைத்தான் கொடுத்தது. மீதியைக் கடன் அட்டைகளில் போட்டாள். தவணைகள் தவறின, வட்டி ஏறியது. வந்த கடிதங்களைப் பிரிக்காமலே துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் சொருகினாள். உடம்பு தேறிவரும் மனுஷனிடம் எந்த வாயால் சொல்வது?

ரகசியக் கருவிகளைத் தொடுகிறவர்களின் கடன் விவரங்கள் அரசாங்கத்தின் கண்ணுக்குத் தப்பாது. முப்பத்தெட்டாயிரம் டாலர் பாக்கி. அந்தக் கருவிகளைத் தொட அவளுக்கு இருந்த பாதுகாப்பு அனுமதியை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று விளக்கம் கேட்டு வந்தது ஒரு கடிதம். அன்றே அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, வேலிக்கு வெளியே இருந்த கிடங்கில் கையுறை எண்ண அனுப்பிவிட்டார்கள்.

கூட வேலை பார்க்கும் ருஃபஸ் எட்டிப்பார்த்தான். "என்ன வெர்னா, ரேடாரை எவனுக்காவது வித்துட்டியா?"

"வித்திருந்தா கடன் ஏன்டா இருக்கப்போவுது?"

சிரித்தாளே தவிர, வீட்டுக்குக் காரோட்டும்போது அழுகை முட்டியது. போனதும் உறைகளை எல்லாம் அள்ளிவந்து சாப்பாட்டு மேசையில் கொட்டினாள். அறுபத்தொன்று இருந்தன.

கிளைட் உறைகளின் தேதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு, "இத்தனையும் ஒத்தையாவா சுமந்தே?" என்றான்.

"உன் நெஞ்சுக்கு ஆகாதேன்னுதான்..."

"நெஞ்சை டாக்டர் நல்லாத்தான் தச்சிருக்கார். கத்திய எடு, பிரிப்போம்."

அடுத்த வாரமே அவன் தன் மீன்பிடிப் படகை விற்றான். கடன் ஆலோசனை சொல்லும் திருமதி புரூயிட் என்ற சர்ச்சுக்காரம்மா ஒவ்வொரு கம்பெனியோடும் பேசி, மாதாமாதம் கட்ட வழிசெய்தாள். ஒரு மாதம்கூடத் தவறாமல் ஏழு மாதம் கட்டிய பிறகு அனுமதி பற்றிய விசாரணை வந்தது.

"நோய் யாருக்கும் வரும், அதனால கடனும் வரும். அதை நான் தப்பு சொல்லலை," என்றார் நீதிபதி. "கடிதத்தை ஏன் பிரிக்கலை?"

வக்கீல் சொல்லிக்கொடுத்தது எல்லாம் வெர்னாவுக்கு மறந்துபோயிற்று. "பயந்துட்டேன் சார். வேற சாக்கு ஒண்ணும் இல்ல."

"கடன்ல மூழ்கினவங்களை எதிரி உளவாளி எவனாவது வளைச்சுப் போட்டுடுவானோங்கிறதுதான் எங்க கவலை."

"மூடி மறைச்சாத்தானே சார் வளைக்க முடியும்? இப்ப என் கடன் புருஷனுக்குத் தெரியும், சர்ச்சுக்குத் தெரியும். ருஃபஸுக்குத் தெரிஞ்சதால ஊருக்கே தெரியும். எதைச் சொல்லி என்னை மிரட்டுவான்?"

நீதிபதி குனிந்து எழுதத் தொடங்கினார். உதட்டோரம் ஒரு சிரிப்பு லேசாகத் துடித்ததை வெர்னா கவனித்தாள்.

ஆறு வாரத்தில் தீர்ப்பு வந்தது: அனுமதி நீடிக்கும். கடன் தீர இன்னும் மூன்று வருடம் ஆகும். அதைப் பற்றி இருவருக்கும் பெரிய கவலை இல்லை. அன்றைக்குக் கிளைட் சோளமாவு தோய்த்து மீன் பொரித்தான். வெர்னா நாலு துண்டு சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை கப்பல் வாசலில் ருஃபஸ் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"நல்லவேளை வந்தே. மேல ஒரு கேபிள் சிக்கிக்கிட்டு மூணு நாளா உயிரை வாங்குது."

"தள்ளு," என்று இடுப்புக் கயிற்றை மாட்டிக்கொண்டு அவள் ஏறினாள்.