இருபத்திரண்டாம் பக்கத்துச் சூரியன்

மகாநாடுகளில் முஹம்மது தம்பி கையை உயர்த்தினால், மேடையில் இருக்கும் எழுத்தாளர்கள் தண்ணீர்ப் போத்தலைத் தேடுவார்கள்.

சிறுவர் நூல் எழுதுவோரும் அவற்றுக்குப் படம் வரைவோரும் நூலகர்களும் ஆண்டுக்கொரு தடவை கூடும் அந்த மகாநாட்டுக்கு அவர் பதின்மூன்று முறை போயிருக்கிறார். கொழும்பு நான்கு, யாழ்ப்பாணம் மூன்று, மட்டக்களப்பு மூன்று, கண்டி இரண்டு, வவுனியா ஒன்று. பதின்மூன்று துணிப் பைகளும் பதின்மூன்று பெயரட்டைகளும் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் ஆண்டு வரிசைப்படி இருக்கின்றன. ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு தாள். அன்றைக்கு நிகழ்ச்சி எத்தனை நிமிடம் பிந்தித் தொடங்கியது, தேநீருடன் என்ன கொடுத்தார்கள், எந்த நூலில் எந்தப் பக்கத்தில் என்ன பிழை என்பதெல்லாம் அதில் இருக்கும். கண்டியில் ஒருமுறை சரியான நேரத்துக்குத் தொடங்கிவிட்டார்கள். அந்தத் தாளில் அந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு இழுத்திருக்கிறார்.

அதே கண்டியில்தான் யானைக் கதை எழுதிய ஒருவரிடம் அவர் எழுந்து கேட்டார்:

“பக்கம் ஒன்பதில உங்கட யானைக்கு நீட்டுத் தந்தம் இருக்கு. பக்கம் பன்னிரண்டில அது குட்டி போடுது. எங்கட நாட்டில பெண் யானைக்கு அப்பிடித் தந்தம் எங்க கண்டீங்க?”

அந்த எழுத்தாளர் அடுத்த ஆண்டு முயலைப் பற்றி எழுதினார்.

மகாநாட்டுக்கு மகாநாடு அவருக்கு இடப்பக்கக் கதிரையில் இருப்பவர் மெல்ரோய். திருகோணமலை நகரத்தில் ஒரு தேவாலயப் பங்கின் வாசிகசாலையைப் பார்ப்பவர். அண்ணன் முறையில் ‘நானா’ என்று அழைக்கும் நண்பரின் கை உயரும்போது சட்டையின் கீழ்நுனியைப் பிடித்து இழுப்பதுதான் அவருக்குப் பாதி வேலை.

“நானா, மேடையில இருக்கிற மனிசன் நேத்துத்தான் ஆஸ்பத்திரியால வந்தவர். இந்தமுறை விடுங்க.”

“ஆள்தானே ஆஸ்பத்திரிக்குப் போனது, மெல்ரோய். பிழை அப்பிடியே நிக்குது.”

கிண்ணியாவில் முஹம்மது தம்பி பொறுப்பாக இருக்கும் நூலகம் சின்னது. சிறுவர் பகுதி இரண்டு அலுமாரிகளும் ஒரு பாயும். புதிதாக வரும் எந்தச் சிறுவர் நூலையும் அவர் முதலில் தானே வாசித்து, கூர் சீவிய பென்சிலால் அடி ஓரத்தில் எறும்பு ஊர்ந்ததுபோல் திருத்தம் எழுதிய பிறகுதான் அலுமாரிக்கு அனுப்புவார். பிள்ளைகள் பிழையைப் படித்துவிடக்கூடாது என்பது அவர் நியாயம். சுவரில் அவருடைய கையெழுத்திலேயே பதினான்கு விதிகள் தொங்குகின்றன. ஒன்பதாவது விதி: நூலில் எழுதுவோரின் அங்கத்துவ அட்டை மூன்று மாதங்களுக்கு நிறுத்தப்படும். இந்த இரண்டுக்கும் ஏதாவது முரண்பாடு இருப்பதாக முப்பத்தொரு வருடத்தில் அவருக்குத் தோன்றியதில்லை.

அந்த அலுமாரியில் அதிகம் இரவல் போவது ‘நண்டாரின் குடை’. எழுதிப் படமும் வரைந்தவர் அருள்மலர். வெயில் தாங்காத நண்டு ஒன்று குடை தேடி அலைகிற கதை அது. திருகோணமலைக் கரையில் நடக்கிறது. அதில் முஹம்மது தம்பி மூன்று திருத்தங்கள் எழுதியிருந்தார். பக்கம் ஆறில் நண்டுக்கு ஆறு நடைக்கால்கள், எட்டு இருக்கவேண்டும். பக்கம் ஒன்பதில் 417 என்றிருந்த படகின் இலக்கம் பக்கம் பதின்மூன்றில் 471 ஆகிறது. கடைசிப் பக்கமான இருபத்திரண்டில் சூரியன் செக்கச்செவேலென்று தண்ணீருக்குள் இறங்க, நண்டார் குடையை மடக்குகிறார். அதன் கீழே: ‘பிழை. திருகோணமலையில் சூரியன் கடலில் உதிக்கும், கடலில் மறையாது. நாம் இருப்பது கிழக்குக் கரை.’

ஓகஸ்ட் ஐந்தாம் திகதி, பாடசாலை விடுமுறை தொடங்க இரண்டு நாள் இருக்கையில், அந்தப் புத்தகம் திரும்பி வந்தது. பென்சில் வரிகளுக்கு அடியில் நீல மையில் உருண்டை உருண்டையாக இன்னொரு வரி முளைத்திருந்தது.

‘இல்ல சேர். பாலத்துல நிண்டு பாருங்க. தண்ணிக்குள்ளதான் போகுது. இல. 1163.’

எதை எழுதினாலும் அடியில் அங்கத்துவ இலக்கம் போடவேண்டும் என்பது நான்காவது விதி. குற்றவாளி அதை ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தபடியால் விசாரணை நீளவில்லை. 1163, ஷாமிலா, வயது ஒன்பது. அட்டை அன்றே நிறுத்தப்பட்டது.

மறுநாள் தாய் பல்கீஸ் வந்தார். தையல்காரி. கழுத்தில் அளவு நாடா தொங்கியபடியே வந்திருந்தார்.

“சேர், லீவு முழுக்க அந்தப் புள்ள என்ன செய்யிற? இருக்கிற பேப்பரெல்லாம் வாசிச்சு முடிச்சிட்டாள். இப்ப நான் துணி சுத்தி வெச்ச பேப்பரக் கழட்டி வாசிக்கிறாள். எனக்கு ஆருட துணி எதுவெண்டு தெரியுதில்ல.”

“விதி, பல்கீஸ். புத்தகத்தில எழுதேலாது.”

“அவள் பொய் எழுதலியே சேர்.”

அந்த ஒரு வார்த்தைதான் அவரைச் சுட்டது. சூரியன் கிழக்குக் கடலில் மறையும் என்பதைப் பொய்யில்லை என்றால், பிறகு பூமி எதற்குச் சுற்றவேண்டும்?

“சரி. அடுத்த மாசம் பதின்மூன்றாம் திகதி திருகோணமலை ரவுனில மகாநாடு. இதை எழுதினவவே வாறா. எல்லாருக்கும் முன்னால கேக்கிறன். படம் சரிதான் எண்டு அவ சொன்னா, அட்டையை நானே உங்கட வீட்ட கொண்டுவந்து தாறன்.”

“பிழையெண்டு சொன்னா?”

“நவம்பர் ஐந்து வரைக்கும் துணி சுத்தின பேப்பர்தான்.”

பல்கீஸ் போகும்போது வாசலில் நின்று, “நீங்க ஒருக்காலும் பாலத்தடிக்குப் போறதில்லியா சேர்?” என்று கேட்டார்.

போவதில்லை. ஊர் எல்லையில் இருக்கும் அந்தப் பாலம் பின்னேரங்களில் கச்சான் கடலை கொறிக்கிறவர்களுக்கும் காற்று வாங்குகிறவர்களுக்கும் உரியது என்பது அவர் எண்ணம். ஐந்தரைக்கு நூலகத்தைப் பூட்டி, வீட்டுக்குப் போய்க் குளித்து, சூரியன் மறைந்ததும் தொழும் மஃரிப்புக்குப் பாங்கு சொல்லக் கால் மணித்தியாலம் இருக்கவே பள்ளிவாசலில் முதல் வரிசை, வலப்புறம் மூன்றாவது இடத்தில் அவர் இருப்பார். அந்த இடத்தை வேறு எவரும் எடுப்பதில்லை. ஒருமுறை வெளியூர்க்காரர் ஒருவர் தெரியாமல் எடுத்துவிட்டார்; ஊரே அவரை ஒரு மாதிரிப் பார்த்தது.

பதினான்காவது மகாநாடு நகரத்தில், யன்னலால் துறைமுகத்துக் கப்பல்கள் தெரிகிற மண்டபம் ஒன்றில் நடந்தது. பதினெட்டு நிமிடம் பிந்தியது. தேநீருடன் ரோல்ஸ், ஆளுக்கு ஒன்று. பிற்பகல் கேள்வி நேரத்தில் முஹம்மது தம்பி கடதாசி உறை போட்ட புத்தகத்துடன் எழுந்தார். மெல்ரோய் சட்டை நுனியைப் பிடித்தார். இழுக்கவில்லை, இன்றைக்கு ஒரு பிள்ளையின் அட்டை இதில் தொங்குகிறது என்று அவருக்குத் தெரியும்.

அருள்மலர் கண்ணாடி போட்ட, சிரித்த முகமுள்ள பெண், ஓய்வுபெற்ற ஆசிரியை. நண்டின் கால்களைச் சொன்னதும் தலையில் கை வைத்தார். “ஐயோ, ஓம் ஐயா. மற்றக் கால் ரெண்டையும் மண்ணுக்குள்ள எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ.” படகு இலக்கத்துக்கு, “அது முழுக்க என்ர பிழை” என்றார். மண்டபம் சிரித்தது. முஹம்மது தம்பி சிரிக்கவில்லை. இரண்டு பிழைகளையும் ஒப்புக்கொண்டவர் மூன்றாவதையும் ஒப்புக்கொள்ளத்தான் போகிறார்.

“பக்கம் இருபத்திரண்டு. சூரியன் தண்ணிக்குள்ள மறையுது. கிழக்குக் கரையில அது எப்பிடி, டீச்சர்?”

“ஐயா எந்த ஊர்?”

“கிண்ணியா. பிறந்ததும் அங்கதான்.”

அருள்மலர் கண்ணாடியைக் கழற்றினார். “கிண்ணியாவோ! நான் மூதூரில படிப்பிச்ச காலத்தில ஒருநாள் பின்னேரம் எங்கட பஸ் உங்கட பாலத்துக்கு நடுவில நிண்டிட்டுது. எல்லாரும் ட்ரைவரை ஏசிக்கொண்டு நிக்க, நான் மேற்குப் பக்கம் திரும்பி நிண்டு இந்தப் படத்தைக் கீறினனான். தம்பலகாமப் பக்கத்துக் குடா முழுக்க ஒரே சிவப்பு. நீங்கள் கண்டதில்லையோ?”

முஹம்மது தம்பி வாயைத் திறந்தார். பதினான்கு மகாநாடுகளில் அவர் திறந்த வாயிலிருந்து பக்க எண் வராமல் போனது இதுவே முதல் தடவை.

“ஆறு மணி தாண்டினா நான் பள்ளியில, டீச்சர்” என்றார் கடைசியாக.

“தொழப் போற மனிசனைக் குறை சொல்லேலாது” என்ற அருள்மலர், “அந்தப் புத்தகத்தை ஒருக்காத் தாங்கோ, பாப்பம்” என்று கேட்டார். புத்தகம் கை மாறி மாறி மேடைக்குப் போனது. அவர் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். ஒலிவாங்கியை அருகே இழுத்து, நீல மை வரியை இலக்கத்தோடு சேர்த்து வாசித்தார். மண்டபத்தில் கைதட்டல் எழுந்தது.

“இந்த 1163 இப்ப என்ன வாசிக்குது?”

“ஒண்டும் இல்லை. அட்டை நிப்பாட்டியிருக்கு.”

“என்னத்துக்கு?”

“புத்தகத்தில எழுதினதுக்கு.”

அருள்மலர் பக்கத்தை வெளிச்சத்துக்குச் சரித்தார். “இதில மேல, பென்சிலால எழுதியிருக்கிறது ஆர்?”

தன் பதிவுகளில் ஒரு பொய்யும் எழுதாத மனிதர் அவர். பேச்சிலும் சொல்லவில்லை.

“நான்.”

அந்தச் சிரிப்பு அடங்கத் தலைவர் மூன்று தடவை மணி அடிக்கவேண்டி இருந்தது.

வெளியே வந்ததும் மெல்ரோய் மோட்டார்சைக்கிளை எடுத்தார். “ஏறுங்க நானா, பஸ்ஸில போனாப் பிந்திப் போகும்.”

“எங்க?”

“வேற எங்க? அட்டை குடுக்கிறது வாக்கு. ஆனா ஆரோ சொன்னதைக் கேட்டு நீங்க பதிவில எழுதுவீங்களா?”

எழுதமாட்டார். ஏறினார்.

சீனன்குடாவைத் தாண்டிப் பாலத்துக்கு வந்தபோது ஐந்து ஐம்பத்திரண்டு. கச்சான் வண்டியைச் சுற்றிக் குடும்பங்கள் நின்றன. “லைப்ரேரியன் சேர் பாலத்தில நிக்கார்!” என்று யாரோ கைபேசியில் யாருக்கோ சொன்னார்கள். அவர் கம்பியில் சாய்ந்து மேற்கே பார்த்து நின்றார், கடிகாரம் கட்டிய கை கண்ணுக்கு நேரே இருந்தது. சூரியன் பெருத்தது, சிவந்தது. குடாத் தண்ணீரில் ஒரு சிவப்புப் பாதை அவருடைய காலடி வரை நீண்டு வந்தது. மெல்ரோய் வாங்கிக் கொடுத்த கச்சானை உடைக்க மறந்து சுருளோடு பிடித்துக்கொண்டிருந்தார். ஆறு மணி ஏழு நிமிடத்துக்குச் சூரியன் தண்ணீரின் விளிம்பைத் தொட்டு, அமிழ்ந்து, போயிற்று.

“என்ன நானா?”

“தண்ணிக்கும் சூரியனுக்கும் இடையில மெல்லிசா ஒரு மரவரிசை இருக்கு” என்றார் முஹம்மது தம்பி. “ஒரு நூல் அளவு. அதோட இது கடல் இல்ல, குடா.”

“அப்ப படம் பிழையா?”

அவர் கடிகாரக் கையை இறக்கினார். “அறுபது வருஷமாப் பத்து நிமிஷ நடையில இருந்திருக்கு, மெல்ரோய்” என்றார். கரையிலிருந்து பாங்கு கேட்டது. கச்சானை மெல்ரோயின் கையில் திணித்துவிட்டு மோட்டார்சைக்கிளில் ஏறிக்கொண்டார். அன்று அவருக்குக் கிடைத்தது கடைசி வரிசை. தொழுகை முடிந்ததும் நான்கு பேர் வந்து, உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை பல்கீஸின் வீட்டுக் கதவைத் தட்டினார். ஷாமிலா திறந்தாள். அவர் அட்டையை நீட்டினார்.

“படம் சரி. நானே பாத்தனான். ஆறு ஏழு.”

ஷாமிலா அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். அவளும் சரிபார்க்காமல் எதையும் வாங்குகிற பிள்ளையில்லை. பிறகு கேட்டாள்:

“சேர், நீங்களும் புத்தகத்தில எழுதினீங்கதானே? உங்கட அட்டையை ஆரு நிப்பாட்டின?”

உள்ளே தையல் இயந்திரம் சட்டென்று நின்றது. “ஷாமிலா! பெரியாக்களோட அப்பிடிக் கதைக்கிறதா?” என்று பல்கீஸ் சத்தம் போட்டார், ஆனால் சிரிப்பை அடக்கிக்கொண்டு போட்ட சத்தம் என்பது வாசலிலேயே தெரிந்தது.

திங்கட்கிழமை நூலகம் திறந்ததும் முஹம்மது தம்பி பதிவேட்டை எடுத்தார். 1163க்கு எதிரே, ‘தண்டனை நீக்கப்பட்டது. கூற்று உண்மை’ என்று எழுதினார். அடுத்த வரியில் எழுதினார்: ‘இல. 7, முஹம்மது தம்பி. நூலில் எழுதியமை. அட்டை டிசம்பர் பதினைந்து வரை நிறுத்தம்.’ எத்தனை நூலில் எழுதினார் என்ற பத்தியில் சற்று யோசித்து, ‘348’ என்று போட்டார். எல்லாவற்றுக்கும் அவரிடம் கணக்கு இருந்தது. கிழமைக்கு இரண்டு புத்தகம் வாசிக்கிற மனிதருக்கு மூன்று மாதம் சின்னக் காலமில்லை. பத்து மணிக்குள் அன்றைய பத்திரிகையை மரண அறிவித்தல் வரை முடித்துவிட்டு வெறும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாடசாலை விட்டு ஷாமிலா வந்தாள். பதிவேடு திறந்தே கிடந்தது. எதிரே நின்று தலைகீழாகவே வாசித்துவிட்டாள். நேரே அலுமாரிக்குப் போய் ‘நண்டாரின் குடை’யை எடுத்துத் தன் பெயரில் பதிந்தாள். வெளியே போகாமல் மேசையருகே கதிரையை இழுத்துப் போட்டாள்.

“சேர், அட்டை இல்லாத ஆக்களுக்கு நான் வாசிச்சுக் காட்டலாமா? விதியில இருக்கா?”

முஹம்மது தம்பி சுவரை நோக்கித் திரும்பி, ஒன்று முதல் பதினான்கு வரை விரல் வைத்துப் பார்த்தார். தடை எதுவும் இல்லை.

“பக்கம் ஒன்றில இருந்து தொடங்கு” என்றார். “ஆறாம் பக்கத்தில நண்டுட காலை எண்ணாத. டீச்சர் விளக்கம் தந்திட்டா.”