முக்கால் படம் பார்த்த ரெஜினா அம்மாள்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, கடையின் பலகைக் கதவுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தேன். காதர் சாயபு ஜட்காவை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். வண்டி நிற்பதற்கு முன்பே பேச்சை ஆரம்பித்துவிடுகிற மனிதர், அன்று கடிவாளத்தைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு, "மாணிக்கம் சாமி, ரெஜினாம்மா நேத்து சாயங்காலம் தவறிட்டாங்க" என்றார்.

நான் பலகையைக் கீழே வைக்கவில்லை.

"மத்தியானம் அல்சூர்லே ஒரு கேஸ் முடிச்சு நான்தான் வீட்லே கொண்டுபோய் விட்டேன். தாயும் பிள்ளையும் சௌக்கியம்னு சொல்லிட்டு இறங்கினாங்க. புதுப் படம் பார்த்தியாய்யான்னு கேட்டாங்க. இன்னும் இல்லேம்மான்னேன். அப்புறம் எதுக்கு உனக்குக் கண்ணுன்னு திட்டிட்டு உள்ளே போனாங்க. அவ்வளவுதான் சாமி."

நம் வாசகசாலையின் காரியதரிசி மறுநாளே ஆள் அனுப்பினார். "அந்த அம்மாளோடு அதிகம் சினிமா பேசியவர் நீர்தான்; நம் கையெழுத்துப் பத்திரிகைக்கு நீரே எழுதும்" என்பது உத்தரவு. நான் படித்தது எட்டாம் வகுப்பு. அதையும் நன்றாகப் பதியட்டும் என்று இரண்டு வருஷம் படித்தேன். தையல் மெஷின் கடைக் குமாஸ்தா. ஊசி, பெல்ட், எண்ணெய் என்று சீட்டு எழுதிய கை இது. ஆனால் இதைப் படிக்கிறவர்களில் பலரை இந்த உலகத்தில் முதலில் தொட்டது ரெஜினா அம்மாளின் கைதான். அந்த உறவை உத்தேசித்து என் எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் பிரசவம் பார்க்கும் மிட்வைஃப். கண்டோன்மென்ட்டான எங்கள் தண்டுப் பக்கத்தில் அவர் ஏறாத படி இல்லை. மாதா கோவிலுக்கு அடுத்தபடியாக அவர் தவறாமல் போன இடம் பயாஸ்கோப்புக் கொட்டகை. ஊமைப் படக் காலத்திலிருந்தே போனவர். ஆனால் ஒரு படத்தையாவது கடைசி வரை பார்த்தாரா என்றால் இல்லை. பெண்கள் பகுதிக்குள் போகும்போதே வாசல்காரனிடம், "நான் உள்ளே இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போவார். யாருக்காவது வலி கண்டால் ஆள் கொட்டகைக்குத்தான் ஓடிவரும். இருட்டில் பெண்கள் நடுவே ஆண் எப்படிப் போய்த் தேடுவது? ஆகவே "மிட்வைஃப் அம்மாள் வெளியே வரவும்" என்று எழுதிய ஒரு கண்ணாடித் துண்டை ஆபரேட்டர் தயாராக வைத்திருப்பார். நாயகன் காதல் வசனம் பேசிக்கொண்டிருக்கும்போது அவன் நெற்றியின் மேல் அந்த எழுத்து வந்து விழும். அவ்வளவுதான், ஆண்கள் பக்கத்திலிருந்து, "ஆம்பளையா பொம்பளையான்னு நாளைக்கு வந்து சொல்லுங்கம்மா!" என்று கூச்சல் கிளம்பும். அவர் பையை எடுத்துக்கொண்டு, நாயகனைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வெளியே போவார்.

மறுநாள் என் கடைக்கு வருவார். "முடிவு என்ன?" காதர் சாயபுவிடமும் தனியாக ஒரு முறை கேட்பார். இரண்டும் ஒத்துப்போகவே போகாது. காதர் சாயபு சொன்னால் கடைசியில் கத்திச் சண்டை இருக்கும். நான் சொன்னால் எல்லோரும் அழுதிருப்பார்கள். "முடிவைக் கேட்டா படம் தெரியாது மாணிக்கம், சொல்ற ஆள் தெரிவான்" என்பார்.

நான் எல்லாப் படத்தையும் பிரமாதம் என்பேன். அது அவருக்குப் பிடிக்காது. "உனக்கு உப்புமாவும் பிரமாதம், டாக்கியும் பிரமாதம். எந்த இடத்துலே என்ன பிடிச்சுது, அதைச் சொல்லு." யோசித்துப் பார்த்தால் எனக்கு ஓர் இடமும் நினைவிருக்காது. பாட்டு வந்தால் தூங்கிவிடுகிறவன் நான்; அந்தக் காலத்து டாக்கியில் பாட்டு இல்லாத நேரம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

அவர் பார்த்தது நம் கண்ணுக்குப் படாது. புராணப் படம் ஒன்றில் தேவகுமாரன் பிறக்கிறான். வானத்திலிருந்து பூ விழுகிறது. கொட்டகையே கன்னத்தில் போட்டுக்கொண்டது. மறுநாள் ரெஜினா அம்மாள் சொன்னார்: "அது இப்போ பொறந்த பிள்ளை இல்லே. கழுத்து நிக்குது, நாலு மாசம் இருக்கும். அந்த ராணி மூணாம் நிமிஷம் எழுந்து உட்கார்ந்து பாடறா. எந்த ஊர் ஆஸ்பத்திரின்னு விசாரிச்சுச் சொல்லு, நானும் அங்கே வேலைக்குப் போறேன்."

இனிச் சொல்லப்போவது என் வீட்டு விஷயம். எங்கள் முதல் பிள்ளை தங்கவில்லை. அப்போது நாங்கள் யாரையும் கூப்பிடவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் போதும் என்று இருந்துவிட்டோம். இரண்டாம் முறை என் மனைவி தனபாக்கியம் ஏழாம் மாதத்திலிருந்தே சரியாகத் தூங்கவில்லை. ரெஜினா அம்மாள் வந்து பார்த்து, "இன்னும் பத்து நாள் இருக்கு, பயப்படாதே" என்று சொல்லிவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாக மத்தியான ஆட்டத்துக்குப் போனார். பத்து நாளை என் மகள் ஒப்புக்கொள்ளவில்லை. மாலை நாலு மணிக்கு வலி கண்டது.

காதர் சாயபுவின் வண்டியில் கொட்டகைக்குப் பறந்தேன். அவருக்கென்று வைத்திருந்த கண்ணாடி அந்த வாரம்தான் உடைந்திருந்தது. ஆபரேட்டர் ரீல் மாற்றும் அவசரத்தில், புகைக்கரி படிந்த வேறொரு கண்ணாடியையும் ஓர் ஆணியையும் என் கையில் கொடுத்து, "நீயே கீறிக் குடுய்யா" என்றார். கீறினேன். வாங்கிப் பார்க்காமலே சொருகினார். நான் அதைத் தலைகீழாகக் கொடுத்திருந்தேன் என்பது கொட்டகை முழுவதும் ஊளையிட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அம்மாள் வெளியே வந்து, "எழுத்து தலைகீழா வந்ததுமே நீதான்னு தெரிஞ்சுது. ஏறு வண்டியிலே" என்றார்.

வலி எத்தனை மணிக்குக் கண்டது, தண்ணீர் உடைந்ததா, இடைவெளி எவ்வளவு என்றெல்லாம் கேட்டு முடித்தார். பிறகு, "படத்துலே அந்தப் பெண்ணைப் புருஷன் துரத்திட்டான். மழை. பாழடைஞ்ச மண்டபத்துலே வலி வந்து விழறா. அப்போதான் நீ வந்து சேர்ந்தே. நீ போன வாரமே பார்த்தியே, அவ பிழைக்கிறாளா?" என்றார்.

நான் பார்த்திருந்தேன். அவள் பிழைக்கவில்லை. பிள்ளையைப் பெற்றுவிட்டுச் செத்துப்போகிறாள். என் வீட்டில் தனபாக்கியம் பாயில் கிடக்கிறாள். அந்த வார்த்தை எனக்கு வாயில் வரவில்லை.

"பிழைக்கிறாக்கா."

"பிள்ளை?"

"அதுவும்தான்."

"எப்படிய்யா? அந்த மண்டபத்துலே யார் இருக்கா?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. "ஒரு மிட்வைஃப் வர்றாங்க" என்றேன்.

"டாக்கியிலேயா!"

"ஆமாக்கா. மழையிலே குடை பிடிச்சுக்கிட்டு, கையிலே பையோட."

அந்தப் படத்தை இரண்டு தடவை பார்த்திருந்த காதர் சாயபு மெதுவாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். பிறகு குதிரையிடம், "சல், சல்" என்றார்.

"மாதாவே! ஒரு டாக்கிக்காரனுக்காவது புத்தி வந்துச்சே" என்று ரெஜினா அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆள் எப்படி இருந்தா? குண்டா, ஒல்லியா?"

அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உங்களாட்டம்தான் இருந்தாங்க" என்றேன்.

அன்று மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மூடிய கதவுக்கு வெளியே நான் நின்றேன். தனபாக்கியம், "என்னாலே முடியாதுக்கா, நான் செத்துடுவேன்" என்று அழுவது கேட்டது. அதற்குப் பதிலாக ரெஜினா அம்மாள், சற்று முன் நான் கட்டிய கதையை எடுத்துச் சொன்னார்: "அந்தப் படத்துலே அவளுக்கு உன்னைவிடக் கஷ்டம்டி. கூரைகூட இல்லே. அவளே பிழைச்சா. ஒரு மிட்வைஃப் வந்தா, குடையோட வந்தா." என் பொய் கதவைத் தாண்டி உள்ளே போய் வேலை செய்வதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். விளக்கு வைத்த பிறகு சுகுணா பிறந்தாள். அவள் அழுகை கேட்டதும் நானும் அழுதேன். யார் சத்தம் அதிகம் என்று பக்கத்து வீட்டில் ஒரு விவாதமே நடந்ததாகச் சொல்வார்கள்.

மறுநாள் அம்மாள் வழக்கப்படி காதர் சாயபுவைத் தனியாகக் கேட்டிருக்கிறார். அவரும் குடை, பை என்று ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். நாங்கள் இருவரும் ஒரே முடிவைச் சொன்னது அது ஒரு முறைதான். அதற்காகவே அம்மாள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும், ஏனோ படவில்லை. பிறகு எத்தனையோ வீடுகளில், வலியில் கிடந்த பெண்களுக்கு அந்தக் கதையைச் சொன்னார். படம் பார்த்த சிலர் அப்படி ஒரு காட்சியே இல்லை என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். "நீங்க முறுக்கு வாங்க வெளியே போயிருப்பீங்க" என்று ஆளுக்கொரு சமாதானம் சொல்லி அனுப்பினேன். பொய் சொல்லத்தான் எத்தனை உழைப்பு!

யுத்தம் ஆரம்பித்த பிறகு ஒரு நாள், அதே படம் தொம்மலூர் டூரிங் கொட்டகைக்கு வந்தது. "முடிவைப் பார்த்துடறேன். அந்த மிட்வைஃபைப் பார்க்கணும்" என்று அம்மாள் கிளம்பினார். அங்கே மூட்டைப்பூச்சி என்றேன். ஒலி சரியில்லை என்றேன். மணலில் தேள் இருக்கிறது என்றுகூடச் சொன்னேன். "தேளுக்கும் பிரசவம் பார்த்துட்டு வர்றேன், வா" என்றார்.

ஆண்கள் பக்கத்து மணலில் உட்கார்ந்துகொண்டு, எந்தத் தெருவிலாவது யாருக்காவது வலி காணட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அன்றைக்கென்று ஒரு பெண்ணுக்கும் வலிக்கவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக ரெஜினா அம்மாள் ஒரு படத்தைக் கடைசி வரை பார்த்தார். மண்டபம் வந்தது, மழை வந்தது, யார் யாரோ வந்து பாடி அழுதார்கள், மிட்வைஃப் மட்டும் வரவில்லை. அந்தப் பெண் நீளமாக ஒரு பாட்டுப் பாடிவிட்டுக் கண்ணை மூடினாள்.

வெளியே வந்தால், கொட்டகைக்காரரை அம்மாள் பிடித்துக்கொண்டிருந்தார். "மிட்வைஃப் வர்ற ரீல் எங்கேய்யா?"

இப்படிப்பட்ட புகாரைத் தினமும் கேட்கிறவர் அவர். "ஏன் மாட்லி அம்மா?" என்று கன்னடத்தில் கையை விரித்தார். "நான் என்ன பண்ணட்டும்? பழைய ரீலு. அறுந்து அறுந்து ஒட்டினது. அதுலே போயிருக்கும்."

"பாத்தியா மாணிக்கம்? நல்ல இடத்தையே வெட்டிட்டான்!"

தப்பித்தேன் என்று பேசாமல் வந்திருக்கலாம். செய்யாத குற்றத்துக்காக அந்த மனிதர் வசவு வாங்கியதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. வண்டியில் ஏறியதும் சொன்னேன். "அக்கா, அவர் வெட்டலே. அப்படி ஒரு ரீலே கிடையாது. நான்தான் சொன்னேன்."

"நானும்தாம்மா" என்றார் காதர் சாயபு, முன்னாலிருந்து.

வண்டி அல்சூர் ஏரிக் கரைக்கு வந்தது. "அப்போ, அவ எதனாலே செத்தா?" என்றார் அம்மாள்.

"தெரியலேக்கா."

"ரத்தம் போச்சா? காய்ச்சலா? ஜன்னி கண்டுச்சா? ஒண்ணும் காட்டலியே. அவ்வளவு நீளப் பாட்டுப் பாட மூச்சு இருக்கறவ சாக மாட்டா, மாணிக்கம்."

இறங்கும்போதுதான் குரல் மாறியது. "எத்தனை வீட்லே சொல்லிட்டேன். வலியிலே கிடக்கறவகிட்டே போய்ப் பொய்யைச் சொல்ல வச்சுட்டியே."

அதன் பிறகு எந்த வீட்டிலும் அவர் அந்தக் கதையைச் சொல்லவில்லை என்று கேள்விப்பட்டேன். என் கடைக்கு முடிவு கேட்கவும் வரவில்லை. புதுப் படங்கள் வந்தன, போயின. யாரிடம் அபிப்பிராயம் சொல்வது? காதர் சாயபுவும் நானும் ஒருவருக்கொருவர் பிரமாதம் என்று சொல்லிக்கொண்டோம்.

போன வருஷம் தனபாக்கியத்துக்கு மறுபடி வலி கண்டது. ஓடினேன். ரெஜினா அம்மாள் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் பையை எடுத்துக்கொண்டு வந்தார். கதவு மூடியது. கொஞ்ச நேரத்தில், "அக்கா, அந்தக் குடை பிடிச்ச மிட்வைஃப் கதையைச் சொல்லுங்கக்கா" என்று தனபாக்கியம் கெஞ்சுவது கேட்டது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"அது பொய், தனபாக்கியம். உன் புருஷன் கட்டினது. படத்துலே அவ செத்துட்டா."

அம்மாள் அதோடு விடவில்லை.

"எதனாலே செத்தா தெரியுமா? யாரும் ஆள் அனுப்பலே. அத்தனை பேர் வந்தாங்க, பாடினாங்க, அழுதாங்க. ஒருத்தனும் ஓடலே. உனக்கு ஒருத்தன் ரெண்டு தடவை ஓடி வந்தான். நான் இங்கே இருக்கேன். முக்கு."

அடுத்து நான் கேட்டது, "பொய்க்காரப் பாவி!" என்ற தனபாக்கியத்தின் குரல். இரண்டு தெருவுக்குக் கேட்டிருக்கும். அந்த வேகத்தில் என் மகன் பிறந்தான்.

கையைத் துடைத்துக்கொண்டு ரெஜினா அம்மாள் வெளியே வந்தார். "நாளைக்குக் கடைக்கு வர்றேன். ரெண்டு மூணு படம் பாக்கி இருக்கு. உள்ளதைச் சொல்லு" என்றார். வந்தார். சொன்னேன்.

அவரிடமிருந்து எனக்கு வந்தது ஒரு வியாதி. இப்போதெல்லாம் படத்தில் யார் செத்தாலும், எதனால் செத்தான் என்று வாய்விட்டுக் கேட்டுவிடுகிறேன். "கதைக்காகச் செத்தான்யா, பேசாம உக்காரு" என்று பின்னாலிருந்து அதட்டுகிறார்கள். போன மாதம் சுகுணாவும் என்னோடு சேர்ந்து கேட்டாள். இருவருக்கும் வசவு கிடைத்தது.

அடக்கத்துக்கு வந்திருந்த டாக்டரிடம், ரெஜினா அம்மாள் எதனால் போனார் என்று கேட்டேன். இருதயம் என்றார். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. அதற்குமேல் என்ன கேட்க வேண்டும் என்பது அம்மாளுக்குத் தெரிந்திருக்கும், எனக்குத் தெரியவில்லை. கேட்காமல் மட்டும் இருக்கக் கூடாது என்கிற அளவுக்குத்தான் நான் அவரிடம் கற்றிருக்கிறேன்.