ஒரு நொடி வெளிச்சம்

வெல்லமும் சோளமாவும் ஈஸ்டும் சேர்ந்து கொதிக்கிற வாசனை... செம்பூர் ஸ்டேஷனில் இறங்கி லேபுக்குள் நுழைந்தால் அதுதான் முதலில் வரவேற்கும். சாப்பாடு பழ ஈக்களுக்கு. சமைப்பவள் ஸ்டெல்லா. தாராவிப் பெண், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். என் வயதுதான்.

நான் வசதியானவர்கள் வாழும் மாட்டுங்காவில் வளர்ந்த ரிசர்ச் அசிஸ்டென்ட். அந்தத் திமிர் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

ஈயின் கண் வெளிச்சத்தை எப்படி மின்சாரமாக்குகிறது என்று அளப்பது என் வேலை. ஈயை மெழுகில் ஒட்டி, கண்ணில் மெல்லிய கண்ணாடி ஊசியை வைத்து லைட் போட வேண்டும். வெளிச்சம் பட்டதும் கண்ணின் செல்களில் குட்டிக் கதவுகள் திறக்கும், சோடியமும் கால்சியமும் உள்ளே பாயும், ஸ்கிரீனில் கோடு சரியும். இமைக்கிற நேரம்கூட ஆகாது. அந்தக் கதவில் கோளாறு உள்ள ஈயைத்தான் மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தோம்.

ஒருநாள் ஸ்டெல்லா ஒரு பாட்டிலோடு வந்தாள்.

"சார், இந்த ஈயெல்லாம் மொதல்ல வெளிச்சத்துக்கு ஓடியாருது. பொறவு லைட்டு எரிஞ்சிட்டே இருந்தாலும் கண்ணு தெரியாத மாதிரி நிக்கி."

ஒரு ஈயை எடுத்து ஒரு நொடி லைட் போட்டேன். கோடு ஒழுங்காகச் சரிந்தது.

"கண்ணு நல்லாத்தானே இருக்கு... நீ சாப்பாட்டு வேலையைப் பாரு."

"கொஞ்ச நேரம் லைட்ட எரிய விட்டுப் பாருங்களேன் சார்."

விடவில்லை. பாட்டிலில் இருந்த ஈக்களை ஸ்பிரிட்டில் கொட்டிக் கொன்றேன். அந்த வகையில் இருந்ததே அந்த ஒரு பாட்டில்தான்.

அடுத்த வாரம் லேபை நடத்தும் எங்கள் மேடம் பேச்சுவாக்கில் சொன்னார்... சில ஈக்களுக்கு அந்தக் கதவு திறக்குமாம், வெளிச்சம் இருக்கும்போதே மூடிக்கொள்ளுமாம். நீண்ட நேரம் லைட் போட்டால்தான் கோளாறு தெரியுமாம். ஸ்டெல்லா சொன்னதும் அதேதான். மேடமிடம் அந்தப் பாட்டிலைப் பற்றிச் சொல்லாமல் வேறொரு ஈயை மெழுகில் ஒட்டினேன்.

அன்று சாயங்காலமே ஸ்டெல்லா கேட்டாள்.

"அந்த ஈ என்னாச்சு சார்? நாந்தான் தப்பா பாத்துட்டேன் போல."

"ஆமா" என்றேன்.

அதன்பிறகு அவள் எந்தப் பாட்டிலையும் என்னிடம் கொண்டுவரவில்லை. கல்யாணமாகி அம்பர்நாத் போனாள் என்று கேள்வி.

இப்போது டோம்பிவிலியில் இருக்கிறேன், வேலை மருந்துக் கம்பெனியில். அந்தப் பழைய லேபில் இன்று ஈக்களைக் கேமராவே கவனித்துக்கொள்கிறதாம். எங்கள் வீட்டு வாழைப்பழத் தட்டில் ஈ மொய்த்தால் விரட்டாமல் நின்று பார்க்கிறேன். லைட்டை அணைக்க மனம் வருவதில்லை.

அவள் சரியாகத்தான் பார்த்தாள். அதைச் சொல்ல அன்றைக்கு ஒரு நொடி போதுமாயிருந்தது.