அத்தான் போட்ட ஒயர்

என் அக்கா வீட்டுக்காரர் முப்பது வருஷமாகக் கேபிள் வேலை பார்க்கிறார். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் முன்னால் வேலை பார்த்தவனைத் திட்டுவார், பிறகுதான் பையைத் திறப்பார். ஒயரில் இரண்டு துண்டைச் சேர்த்த ஒட்டு இருந்துவிட்டால் தொலைந்தது. "ஒட்டுப் போட்டவன் கைய ஒடிக்கணும்" என்று வீட்டிலிருப்பவர்களுக்கே உதறல் எடுக்கும்படி கத்துவார். அவருக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். அவர் காதுபடவே நானும் சொல்லியிருக்கிறேன்.

என் வீட்டுக்கு ஒயர் போட்டதும் அவர்தான். பதினெட்டு வருஷம் ஆகிறது. டிவிக்காகப் போட்ட அந்த ஒயரில்தான் இப்போது இன்டர்நெட்டும் வருகிறது. வாடிக்கையாளர்களின் புகாரைக் கேட்டுப் பதில் சொல்வது என் வேலை, வீட்டிலிருந்தேதான். போன மாதம் பேச்சு நடுவில் மூன்று முறை லைன் செத்தது. "இன்னொரு தடவ ஆச்சுன்னா வேற ஆளப் பாத்துக்குவோம்மா" என்றார் மேலாளர்.

அத்தானைக் கூப்பிட்டேன். மோடம் சரியில்லை என்றார். புதிது வாங்கினேன். எலி கடித்திருக்கும் என்றார். என் வீட்டில் எலியே கிடையாது. கம்பெனிக்காரன் சிக்னலைக் குறைக்கிறான் என்றார்.

"சுவத்துக்குள்ள போற ஒயரப் பாருங்க அத்தான்."

"அது நான் போட்டது. அதுல ஒண்ணும் இருக்காது."

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. அடுத்தவன் ஒயரையெல்லாம் பிய்த்துப் பார்க்கிறவருக்குத் தன் ஒயர் மட்டும் பத்தரைமாற்றுத் தங்கமா?

மறுநாளே நான்காவது முறையும் லைன் செத்தது. திங்கட்கிழமையிலிருந்து எனக்கு வேலை இல்லை என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

நான் அழவில்லை. மோடத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். சுவர் ஒயரைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்து வரும் ஒயரை நேராக மோடத்தில் மாட்டினேன். காலையிலிருந்து மாலை வரை ஒருமுறைகூட நிற்கவில்லை. அத்தானை வரவழைத்து அதன் எதிரே உட்கார வைத்தேன்.

"இங்க நல்லா வருது. என் ரூம்ல செத்துப்போகுது. நடுவுல இருக்கறது உங்க ஒயர் மட்டும்தான்."

மோடத்தின் பச்சை விளக்கை ஒருமுறை பார்த்துவிட்டு, எழுந்து சுவர்க் குழாயிலிருந்து ஒயரை உருவினார். பாதியில் சிக்கியது. பலமாக இழுத்ததும் கறுப்பு டேப் சுற்றிய முண்டு ஒன்று வெளியே வந்தது. போட்ட அன்றைக்கு ஒயர் போதவில்லை போல, இரண்டு துண்டை முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார். பிரித்தால் உள்ளே செம்புக் கம்பி பச்சை பூத்துக் கிடந்தது.

"இப்ப யார் கைய ஒடிக்கலாம் அத்தான்?"

அவர் ஒட்டில்லாமல் ஒரே நீளமாகப் புது ஒயரை இழுத்தார். இரண்டு முனையிலும் கனெக்டர் அழுத்தி, மீட்டர் வைத்துப் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "உன் மேலாளர் நம்பரப் போட்டுக் குடு" என்றார். லைன் கிடைத்ததும் அவரே பேசினார்.

"தப்பு அந்தப் பொண்ணு மேல இல்லைங்க. ஒயர்ல ஒட்டுப் போட்டது நான். அவ சொன்ன பிறகும் பாக்காம இருந்ததும் நான்தான். மன்னிச்சிடுங்க."

ஒரு வாரம் பார்க்கலாம் என்றார் மேலாளர்.

அந்த ஒரு வாரம் எப்போதோ தாண்டிவிட்டது, என் வேலையும் நிலைத்துவிட்டது. ஆனால் முகமே பார்க்காத மனிதரிடம் மன்னிப்புக் கேட்ட அத்தான், என்னிடம் இன்னும் கேட்கவில்லை.